மாமனாருக்கு எதற்கு மலை ரயில்

786

மதுரை, காஜிமார் தெரு,
ஜமாதுல் அவ்வல் பிறை 20.

பினாங்கில் சாக்கு மண்டியில் உத்தியோகம் பார்த்து, கண்ணியமும் கீர்த்தியும் பிறைக்குப் பிறை வளர வேண்டிய மருமகப்பிள்ளை சிக்கந்தர் ராவுத்தர் அவர்களுக்கு, மாமனார் தகரப்பெட்டிக் கடை அப்துல் அலீம் ராவுத்தர் சலாம் கூறி எழுதிக்கொண்டது. அல்லாஹ் உதவியால் இங்கே நானும், என் வீட்டில் சைனபும், மகள் சாயிரா பானுவும், என் அக்கா அஜ்மல் பீவியும் சுகம். அங்கே உமது சுகத்துக்குக் குறைவில்லை என்பது உமது கடிதத்திலிருந்தே தெரிகிறது. அவ்வளவு சுகத்தை ஒரு மனுஷன் தனியாக எப்படித் தாங்குகிறான் என்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை.

உம்முடைய கடிதத்தை சைனபின் தம்பி சுலைமான், அதாவது உம்மோடு அங்கே ஒரே மண்டியில் இருந்துவிட்டு இப்போது லீவில் வந்திருக்கும் என் மச்சினன், போன வெள்ளிக்கிழமை கொண்டுவந்து கொடுத்தான். நம் வீட்டு வழக்கம் உமக்குத் தெரியும். கடல் தாண்டிச் சபரில் இருக்கிற மாப்பிள்ளை பெண்டாட்டி பெயருக்குக் கடிதம் போடுவது நம் குடும்பத்தில் கிடையாது. மாமனார் பெயருக்குத்தான் போட வேண்டும். மாமனார் அதை அசர் தொழுதுவிட்டு வந்து, கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வீடு முழுவதற்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். சாயிராவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுத்து தெரியாது; ஆகவே அவளும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து காதால் கேட்டுக்கொள்வதுதான். பதில் எழுதினாலும் இதே முறை. எழுதி, வாசித்துக் காட்டி, அக்கா தலையாட்டிய பிறகே உறைக்குள் போக வேண்டும். இப்போதும் அக்கா எனக்கு எதிரே வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் நாலு வரி எழுதியதும் வாசிக்கச் சொல்கிறார். "நல்லாக் காரமா எழுது தம்பி. இனிப்பா எழுதுறதுக்கு நாம என்ன அல்வாக் கடையா வச்சிருக்கோம்" என்கிறார். அதையும் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மண்டிக்கு மேலே இரண்டு அறையை முதலாளி உமக்கு ஒழித்துத் தருகிறார் என்றும், ரஜப் பிறை பார்ப்பதற்குள் குடும்பத்தோடு குடியேறாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும் என்றும், ஆகையால் சாயிராவை அனுப்பிவைக்க நான் உத்தரவு தர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடியாது. ஏன் முடியாது என்றால் அதற்கு உமது கடிதங்களே சாட்சி. கல்யாணம் முடிந்து நாற்பதாம் நாள் கப்பலேறினீர். மூன்று வருஷமாகிறது. இந்த மூன்று வருஷத்தில் நீர் போட்ட கடிதங்கள் அத்தனையையும் இப்போது முன்னால் பரப்பி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். முப்பது வருஷமாகச் சபர் போகிறவர்களுக்குப் பெட்டி விற்கிறவன் நான். போகிறபோது பெட்டிக்குள் என்ன போகும், வருகிறபோது என்ன வரும் என்பது எனக்குத் தெரியும். பிழைக்கப் போனவன் எழுதிய கடிதங்கள் மாதிரி இவை இல்லை. திருவிழாவுக்குப் போய் வழி தெரியாமல் அங்கேயே தங்கிவிட்டவன் எழுதிய மாதிரி இருக்கின்றன.

முதலாவது அந்த மலை ரயில். இதுவரை ஒன்பது கடிதங்களில் அது ஏறி இறங்கிவிட்டது. கயிற்றைக் கட்டி இழுக்கிற ரயிலாம், சுவரில் பல்லி ஏறுவதுபோல் செங்குத்தாக ஏறுமாம், பாதி மலையில் இறங்கி வேறு வண்டிக்கு மாற வேண்டுமாம், உச்சிக்குப் போனால் குளிருமாம், குளிர்ந்த பிறகு கீழே இறங்கி வந்துவிட வேண்டுமாம். இதில் என்ன காரியம் நடந்தது என்று கேட்கிறேன். நமக்கெல்லாம் குளிர வேண்டுமென்றால் மார்கழி வரை பொறுத்திருப்போம், அது தானாக வரும். போகட்டும், ஏறினீர், குளிர்ந்தது, இறங்கினீர். அதோடு விட்டீரா? "மாமா, மேலே நல்ல குளிர். ஒரு சால்வையை இரண்டு பேர் பாதிப் பாதியாகப் போர்த்திக்கொள்ளலாம் போல இருந்தது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் என்று நினைத்தேன்" என்று எழுதியிருக்கிறீர். எனக்கு வயசு ஐம்பத்தாறு. என் சுற்றளவு உமக்குத் தெரியும். எனக்கு ஒரு சால்வையே போதாது, இதில் உமக்குப் பாதி எங்கிருந்து தருவேன்? அதுவும் ஆஸ்துமாக்காரனை மலையுச்சியில் குளிரில் கொண்டுபோய் நிறுத்த ஆசைப்படுகிற மருமகனை நான் வேறெங்கும் கேள்விப்படவில்லை.

அடுத்தது கடற்கரைச் சுவர். அசர் தொழுததும் நேரே அங்கே போய் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பதும், வருகிற கப்பலையும் போகிற கப்பலையும் பார்ப்பதும்தான் தினசரி ஜோலி என்று எழுதியிருக்கிறீர். கப்பல் பார்த்துக்கொண்டு உட்காருகிறவனுக்குச் சம்பளம் கொடுக்கிற ஊர் அது ஒன்றாகத்தான் இருக்கும். "மேற்குப் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருப்பேன் மாமா. மதுரை அந்தப் பக்கம்தான். இந்நேரம் நீங்கள் மாடிக்கு வந்து காயப்போட்ட துணிகளை எடுத்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்வேன்" என்பது உமது வாசகம். நான் ஏனய்யா மாடிக்குப் போய்த் துணி எடுக்கிறேன்? இதை வாசித்தபோது அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஏன் தம்பி, மாப்பிள்ளை உன்னைய இந்த வீட்டு வேலையாள்னு நெனச்சுட்டாரா" என்று கேட்டார். இதில் இன்னொரு தொந்தரவும் சேர்ந்துகொண்டது. அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து சாயிரா தினம் சாயங்காலம் மாடிக்குப் போகிறாள். துணி காய்ந்தாலும் போகிறாள், காயப்போடாவிட்டாலும் போகிறாள். ஒரு நாள் நானே மூட்டு வலியோடு ஏறிப்போய்ப் பார்த்தேன். கொடியில் ஒரு கந்தல்கூட இல்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கிழக்கே பார்த்து நிற்கிறாள். அந்தப் பக்கம் எதிர்வீட்டு ஓடும், அதில் காயும் கூழ்வடகமும்தான் தெரியும். "என்னத்தா பாக்குற" என்றேன். "காத்து வாங்குறேன் அத்தா" என்றாள். அன்றைக்கு ஒரு பொட்டுக் காற்று கிடையாது.

அந்த ஆணம் விஷயத்தை நான் மறந்துவிடுவேன் என்று நினைத்தால் தப்பு. "மாமா, கல்யாணம் முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை வைத்த மீன் ஆணம் எப்படி வைத்தீர்கள்? நான் வைத்தால் புளி தூக்குகிறது" என்று கேட்டு எழுதினீர். மருமகப்பிள்ளை, நான் பெட்டி விற்கிறவன். அடுப்படிக்குள் நான் போவது தீப்பெட்டி கேட்டுத் திட்டு வாங்குவதற்கு மட்டும்தான். உமது கேள்வியை வாசித்துவிட்டு விழித்தேன். திரைக்குப் பின்னாலிருந்து சாயிரா ஆரம்பித்தாள். "மொதல்ல அடுப்பை இம்புட்டுக்குத் தணிச்சு வைக்கச் சொல்லுங்க அத்தா. தேங்காப்பால் ஊத்துனதுக்குப் பெறகு கரண்டியப் போட்டுக் கிண்டப்படாது, சட்டியப் பிடிச்சுச் சுத்தி விடணும்னு எழுதுங்க. கையச் சுட்டுக்கப்போறாக, துணி வச்சுப் பிடிக்கச் சொல்லுங்க. அவசரப்பட வேணாம், பொறுத்தா நல்லா வரும்னு எழுதுங்க." எழுதினேன். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அடுத்த தபாலில் நீர் என்ன எழுதினீர்? "மாமா, நீங்கள் சொன்னபடியே பொறுத்தேன். நன்றாக வந்தது. இருந்தாலும் உங்கள் கைப்பக்குவம் வரவில்லை. அந்தக் கையை நினைக்காத நாளில்லை." இப்போது சுலைமான் வந்து சொல்கிறான், உம்மோடு சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிற பன்னிரண்டு பேரும் அதற்கு 'அலீம் மாமா ஆணம்' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். அதில் ஒருவன் ஊர் திரும்பியதும் என்னிடம் வந்து சமையல் படிக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறானாம். இந்த அவமானத்தை நான் எந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது?

உல்லாசத்தில் உச்சம், முதலாளி வருஷத்துக்கு ஒரு தரம் ஆட்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டு ஓட விடுகிறாரே, அதுதான். அதில் நீர் சாக்குக்குள் காலை விட்டுக்கொண்டு குதித்துக் குதித்து ஓடி முதல் பரிசு வாங்கியதாக நாலு பக்கம். உள்ளூரில் ஓணான் பிடிக்காதவன் வெளியூருக்குப் போய் உடும்பு பிடித்த கதைதான். வாரம் ஆறு நாள் சாக்கோடு மாரடித்துவிட்டு ஏழாம் நாளும் ஒரு மனுஷன் சாக்குக்குள்ளேயே இறங்குவானா? நடுவிலே ஒரு தரம் விழுந்தீராம், "யாரோ 'எழுந்திருங்க' என்று சொன்ன மாதிரி காதில் கேட்டது மாமா, எழுந்து ஓடிவிட்டேன்" என்கிறீர். நான் சொல்லவில்லை. நான் அன்றைக்குக் கடையில் இருந்தேன்.

அந்தப் பரிசை ஊர் வந்த ஆளிடம் கொடுத்து எனக்கென்று அனுப்பிவைத்தீர். அதுதான் எல்லாவற்றுக்கும் சிகரம். மூங்கில் கம்பியும் எண்ணெய்க் காகிதமும் கொண்ட சீனக் குடை. மேலெல்லாம் ரோஜா நிறத்தில் தாமரைப் பூ. பூவுக்கு நடுவில் இரண்டு பறவைகள் மூக்கோடு மூக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. கூட ஒரு சீட்டு: "மாமாவுக்கு, முகம் வாடாமல் இருக்க." நான் அதை வாங்கி மூலையில் வைக்கப் போனேன். அக்கா விடவில்லை. "சபர்லேருந்து மாப்பிள்ளை அனுப்புனதைப் பிடிக்காமப் போட்டா அவரை அவமரியாதை பண்ணுன மாதிரி. இன்னைக்கே பிடிச்சுட்டுப் போ" என்றார். பிடித்துக்கொண்டு போனேன். தெருவில் தெரிந்தவன் தெரியாதவன் எல்லோரும் முதலில் குடையைப் பார்த்தார்கள், பிறகு குனிந்து கீழே இருப்பது யார் என்று பார்த்தார்கள், பிறகு சலாம் சொல்லாமலே போனார்கள். கடை வாசலில் அவனியாபுரம் வெள்ளைத்துரை, வருஷா வருஷம் என்னிடம் நெல் விதைக்குத் தகரப்பெட்டி வாங்குகிற நல்ல மனுஷன், என்னைக் கண்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்று, "என்ன ராவுத்தரே, வீட்ல எதுவும் விசேஷமா? சொல்லியிருந்தா நானும் நல்ல வேட்டி கட்டியாந்திருப்பேனே" என்றார். சாயங்காலம் திரும்பும்போது தெற்குமாசி வீதி முக்கில் மழை பிடித்துக்கொண்டது. குடைதான் இருக்கிறதே என்று விரித்தேன். எண்ணெய்க் காகிதம் நனையவில்லை, அதன் மேல் தீட்டியிருந்த தாமரை மட்டும் கரைந்தது. இரண்டு தாமரை என் தொப்பியில் இறங்கியது, மிச்சம் ஜிப்பாவில். மக்ரிபுக்கு நேரமாகிவிட்டதே என்று அப்படியே பள்ளிவாசலுக்குள் போனேன். தொழுகை முடிவில் வலது பக்கம் சலாம் கொடுக்கத் திரும்பிய பக்கத்து ஆள் என்னைப் பார்த்துவிட்டு இடது பக்கம் திரும்ப மறந்துவிட்டார். வீட்டுக்கு வந்து குடையைக் கண்டிப்பாகக் குப்பையில் போடச் சொன்னேன். சாயிரா அதை எடுத்துக்கொண்டு போனாள். குப்பைக்குப் போகவில்லை என்பது பிறகு தெரிந்தது. பறவை மட்டும் கரையாமல் இருந்ததாம், ஆகவே வைத்துக்கொண்டாளாம்.

இதெல்லாம் போதாதென்று சுலைமானை வேறு வக்கீலாக அனுப்பியிருக்கிறீர். அவன் வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எதிரே வைத்த பணியாரம் எது, தட்டு எது என்று தெரியாமல் தடவுகிறான். இவன் வந்து உமக்கு நற்சான்று கொடுக்கிறான். "மச்சான், நீங்க நெனைக்கிற மாதிரி அவரு உல்லாசி இல்ல. நாங்கள்லாம் மலாய்க்காரன் நாடகத்துக்குப் போவோம், பயாஸ்கோப்புக்குப் போவோம். இவரும் கூட வருவாரு. நாங்க நாடகத்தைப் பார்ப்போம். இவரு அங்க என்ன வெளக்கு எரியுது, யாரு என்ன சேலை கட்டியிருக்காங்கன்னு பார்த்துக் காயிதத்துல எழுதறதுக்கு மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருப்பாரு. பாதியில எழுந்திருச்சு எழுதவும் போயிருவாரு" என்கிறான். இது நற்சான்றா? வேடிக்கை பார்க்கப் போய் வேடிக்கைகூடப் பார்க்கத் தெரியாத ஆள் என்றல்லவா ஆகிறது? ஒன்று கடுமையாக உழைக்க வேண்டும், இல்லாவிட்டால் உருப்படியாகக் கூத்தடிக்க வேண்டும். உமக்கு இரண்டும் வரவில்லை.

இப்போது அந்த இரண்டு அறைக்கு வருகிறேன். ஒரு ஜன்னல் கடலைப் பார்த்ததாம். கடலைத்தான் மூன்று வருஷமாகச் சுவரில் உட்கார்ந்து பார்க்கிறீரே, அதைப் படுக்கையறைக்குள் வேறு கொண்டுவர வேண்டுமா? அக்கா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். கப்பலேறினால் ஏழு நாள் வாந்தி. அங்கே கிணறு கிடையாது, எல்லாம் குழாய்த் தண்ணீர், அதில் யார் கை பட்டிருக்குமோ. தலைப்பிரசவத்துக்குப் பிள்ளையைக் கூட்டிவர இங்கிருந்து யார் கடல் தாண்டுவது? அங்கே பொம்பளைகள் செருப்புப் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறார்களாம். இதெல்லாம் சொல்லிவிட்டு அக்கா பாக்குவெட்டியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அவர் வீட்டுக்காரர் ரங்கூனுக்குப் போனது உமக்குத் தெரியும். பதினாறு வருஷமாகிறது. "அவரு போட்ட கடைசிக் காயிதமும் இப்பிடித்தான் இருந்துச்சு தம்பி. டிராம் வண்டி ஓடுதுன்னு எழுதியிருந்தாரு. மணி அடிக்குதுன்னு எழுதியிருந்தாரு. அதுக்குப் பெறகு ஒண்ணுமில்ல. கடல் தாண்டுன மனுசன நம்பி இன்னொரு பொம்பளையக் கடல் தாண்ட விடமாட்டேன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

சாயிராவிடமும் முறைப்படி சொல்லியாகிவிட்டது. முந்தாநாள் அக்காவின் முன்னாலேயே, "அனுப்புறதா இல்லத்தா" என்றேன். "சரி அத்தா" என்றாள். நல்ல பிள்ளை என்று அக்கா மெச்சினார். ஆனால் அன்றிலிருந்து மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். இரண்டு நாளாகக் காய்ந்த துணி கொடியிலேயே கிடக்கிறது. நேற்று ராத்திரிப் பனியில் நனைந்து இன்று மறுபடி காய்கிறது. சைனப் போய் எடுக்கலாம், எடுக்க மாட்டேன் என்று அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுகிறாள். இது ஒரு வீடா? நீர் எழுதுகிற ஒவ்வொரு கடிதமும் இங்கே இந்த மாதிரி ஏதாவது ஒரு வேலையைக் கெடுக்கிறது.

ஆகவே நீர் அந்த இரண்டு அறையையும் கடல் ஜன்னலோடு வேறு ஆளுக்கே விட்டுவிடும். மலை ரயிலில் ஏறுவதைக் குறைத்துக்கொள்ளும். ஐந்து வேளைத் தொழுகை தவறாதீர். வேர்க்கடலை பித்தம், அதிகம் தின்னாதீர். சாக்குக்குள் இறங்காதீர். மார்க்கமும் மானமும் கெடாமல், நோய் நொடி அண்டாமல், நீண்ட ஆயுளோடு நீர் இருக்க வேண்டுமென்று நானும் சைனபும் அக்காவும் துவாச் செய்கிறோம். திரைக்குப் பின்னாலிருந்து சாயிராவும் சலாம் சொல்கிறாள். இந்த ஒரு வார்த்தை மட்டும்தான் அவள் சொன்னது.

இங்ஙனம்,
அப்துல் அலீம் ராவுத்தர்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, மேலே எழுதியது முழுவதையும் அக்காவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டி, அவர் தலையாட்டியும் ஆகிவிட்டது. பசை கடையில் இருக்கிறது என்று சொல்லி ஒட்டாமல் எடுத்துவந்தேன். இப்போது கடையில் தனியாக உட்கார்ந்து பின்பக்கத்தில் எழுதுகிறேன். முடியாது என்று எழுதியதை அடித்துக்கொள்ளும். சாயிரா வருகிறாள்.

வரப்போகிற பிறைக்கு நாகூர் கந்தூரிக் கொடியேற்றம். தர்காவுக்கு ஜியாரத் போகிறோம் என்று சொல்லி நானும் சைனபும் சாயிராவைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறோம். சுலைமானும் கூட வாரான். அங்கிருந்து நாகப்பட்டினம் துறைமுகம் எம்புட்டுத் தூரம்? பிறை பன்னிரண்டில் கப்பல். தாய்மாமன் துணையோடு வருகிறாள், ஆகவே குறை சொல்ல இடமில்லை. முதலாளியிடம் இன்றைக்கே சொல்லி அறையைப் பிடித்து வையும். சாயிராவுக்கு நேற்றுக் காலை அடுப்படியில் வைத்து சைனப் காதில் சொல்லிவிட்டாள். துணி எடுக்க மாடிக்குப் போகாதே, அக்காவுக்குச் சந்தேகம் வரும், முகத்தை இதே மாதிரி வைத்துக்கொள் என்றும் சொல்லியிருக்கிறாள். அது மட்டும்தான் அவளால் முடியவில்லை. சலாம் சொன்ன குரலைக் கேட்டிருந்தால் உமக்கே தெரிந்திருக்கும்.

திரும்பி நானும் சைனபும் மட்டும் வந்து வாசலில் நிற்கும்போது அக்கா என்ன செய்வார் என்பது என் பாடு, நான் வாங்கிக்கொள்கிறேன். உமக்கு ஒரே ஒரு வேலை. சாயிரா கரையில் கால் வைத்ததும் தந்தி கொடும். என் பெயருக்கு வேண்டாம். அஜ்மல் பீவி என்று அவர் பெயருக்கே கொடும். பதினாறு வருஷமாக அந்தப் பெயருக்குக் கடலுக்கு அப்பாலிருந்து ஒன்றும் வரவில்லை. பிறகு மாதா மாதம் அவருக்கு எழுதுவதை விட்டுவிடாதீர். விட்டீர் என்றால் நானே வந்து உம்மைச் சாக்கில் போட்டுக் கட்டுவேன்.

இன்னொன்று. முதல் ஒன்றரை வருஷம், அத்தனையும் எனக்குத்தான் எழுதுகிறீர் என்று நிஜமாகவே நம்பினேன். குடையைப் பிடித்துக்கொண்டு போனதும் அக்கா சொன்னதற்காக மட்டுமில்லை, அந்த நம்பிக்கையில்தான். பிறகு ஒரு நாள் தொண்டை கட்டியிருந்ததால், மலை ரயில் வந்த பக்கத்தை விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். வாசித்து முடித்ததும் திரைக்குப் பின்னாலிருந்து, "இந்தத் தடவை மலை ரயில் வரலையா அத்தா" என்று கேட்டாள். அழப்போகிற குரல். மலை ரயிலுக்கு யாராவது அழுவார்களா? அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அந்தப் பக்கத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். அதிலிருந்து உமது ஒவ்வொரு கடிதத்தையும் இருமல் வந்த மாதிரி நடுவில் நிறுத்தி, விட்ட இடம் தெரியாத மாதிரி இரண்டு தரம் வாசிக்கிறேன்.

விளங்கிய அன்று எனக்குச் சந்தோஷமாக இல்லை மாப்பிள்ளை. வருத்தமாகத்தான் இருந்தது. பெற்றவர்களோ கூடப் பிறந்தவர்களோகூட என்னைப் பற்றி அம்புட்டுப் பிரியமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்கேயோ ஒருத்தன் கடற்கரையில் உட்கார்ந்து என்னை நினைத்துக்கொள்கிறான் என்று ஒன்றரை வருஷம் இருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. இனி அவள் உமது பக்கத்திலேயே இருப்பாள், அவளுக்குச் சொல்ல வேண்டியதை வாயாலேயே சொல்லிக்கொள்வீர், இந்த வீட்டுக்கு நீளமாக எழுத உமக்கு ஒரு காரணமும் இருக்காது. இருந்தாலும் எப்போதாவது ஒரு கடிதம் போடும். ரயிலோ கடலோ, எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதும். எனக்கே எழுதும்.